கூப்பிட்டால்தான் வருவாள்

அன்று என் தங்கை கிரில் கதவுக்கு வெளியே நின்றபோது, "வா" என்று சொல்லாமல் "அப்பா தூங்குறாரு" என்று நான் ஏன் சொன்னேன்? ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா தூங்கிக்கொண்டுதான் இருந்தார், அது பொய் இல்லை. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை.

அவள் என்ன கேட்டாள் என்று புரியவேண்டுமானால் ஒரு டிவி தொடரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிரிக்காதீர்கள், அது ரத்தக் காட்டேரிகளின் கதை. எந்த நாட்டுத் தொடர் என்றுகூட இப்போது உறுதியாகச் சொல்ல வராது. நாங்கள் மலாய் சப்டைட்டிலில்தான் படித்துப் படித்துப் பார்த்தோம். ஒரு பெரிய வீட்டுக்காரர்கள் ஒரு தாயைக் கொன்றுவிடுகிறார்கள். அவளுடைய இரண்டு பெண்களும் காட்டேரிகளாகிவிடுகிறார்கள். இளையவளின் உயிரை விட்டுவிட்டால் அந்த வீட்டுக்கு என்றென்றும் காவல் இருப்பதாக மூத்தவள் வாக்குக் கொடுக்கிறாள். தப்பித்துப் போன இளையவள் தலைமுறைக்கு ஒருமுறை பழி வாங்கத் திரும்பி வருகிறாள். ஆனால் உள்ளே இருக்கிற ஒருவர் வாய் திறந்து கூப்பிடாமல் காட்டேரியால் ஒரு வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு சீசனும் அந்த வாசலில் வந்துதான் முடியும். வெளியே தங்கை, உள்ளே அக்கா.

அதைப் பார்க்க ஆரம்பித்தபோது அவள் இடைநிலைப் பள்ளியில் இருந்தாள், நான் கல்லூரியில் இருந்தேன். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மலேசியாவில், கிள்ளானில் இதே வீட்டில், சனிக்கிழமை மத்தியானங்களில், துணி மடித்துக்கொண்டே பார்ப்போம். அவளுக்குப் பழி வாங்குகிறவளைப் பிடிக்கும். எனக்குக் காவல் நிற்கிறவளை.

"நீ அந்த வீட்டு நாய், அக்கா" என்பாள்.

"நீ வாசல்ல நிக்கிற கொசு" என்பேன். கொசுவும் ரத்தம்தானே குடிக்கிறது. அன்றிலிருந்து அவள் எனக்குக் கொசு.

அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். குளித்துவிட்டுத் துண்டோடு டிவியைக் கடந்து போகும்போது, "பேய்க்கு என்னம்மா கடமை? ரத்தம் குடிக்கிறதுக்கும் ஷிப்ட் இருக்கா?" என்று கேட்பார். ஆனால் கடந்து போகாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. சண்டை போட்டால் அவள் எங்கள் அறைக்கு வெளியே போய் நிற்பாள். "கூப்பிடுறியாக்கா? கூப்பிட்டாதான் வருவேன்." நான் கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டு, "வா, கொசு" என்பேன். உள்ளே வருவாள். சண்டை முடிந்தது என்று அர்த்தம். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

கடைசி சீசன் வந்தபோது நான் கல்யாணமாகி இதே வீட்டில்தான் இருந்தேன், அப்பாவைத் தனியாக விடக்கூடாது என்று. கடைசிக்கு முந்தின பாகத்தைச் சேர்ந்து பார்த்தோம். இளையவள் பனியில் நிற்கிறாள். இந்த முறை கையில் கத்தி இல்லை. பழியெல்லாம் வேண்டாம், உள்ளே வந்து உட்காரவேண்டும், அவ்வளவுதான் என்கிறாள். மூத்தவளின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. அதோடு முடிந்துவிட்டது. கடைசி பாகத்தை யாரும் தனியாகப் பார்க்கக்கூடாது என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம். அடுத்த வாரம் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா அவளுக்குப் பந்திங்கில் மாப்பிள்ளை பார்த்துத் தட்டு மாற்றியிருந்தார். அவளோ தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்திருந்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். "விசா முடிஞ்சா போயிடுவான், அப்புறம் நீ எங்க நிப்ப?" என்பது மட்டும்தான் அப்பா அவளிடம் கேட்ட கேள்வி. தட்டைத் திருப்பிக் கொடுக்கப் பந்திங்குக்கு நானும் அப்பாவோடு போனேன். வாழ்நாளில் யாரிடமும் தலை குனியாதவர், அந்த வீட்டு ஹாலில் உட்காரக்கூட இல்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "நான் இருக்கிற வரைக்கும் அவ நம்ம வாசப்படி ஏறக்கூடாது. நீ கூப்பிடமாட்டேன்னு சொல்லு."

"சரிப்பா" என்றேன். வேறு என்ன சொல்லியிருப்பேன்? இப்போது நூறு பதில்கள் தோன்றுகின்றன.

சில மாதங்களில் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. இடது கை இன்னும் சரியாகவில்லை. அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். பாலர் பள்ளியில் பார்த்த வேலையை விட்டேன்.

மகளுக்கு நாற்பது நாள் ஆனபோது தங்கை வந்தாள். முன்கேட் திறந்திருந்தது, செருப்பு அலமாரி வரைக்கும் வந்துவிட்டாள். கையில் ஒரு பெரிய நீல டப்பா. சுறாப்புட்டு செய்து கொண்டு வந்திருந்தாள், பால் நன்றாகச் சுரக்கும் என்று. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிரில்லுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கியது. அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"கூப்பிடுறியாக்கா?"

"அப்பா தூங்குறாரு."

அவள் தலையாட்டினாள். டப்பாவைக் கொடுக்கப் பார்த்தாள். கம்பிக்குள் நுழையவில்லை. அலமாரியின் மேல் வைத்துவிட்டு, "சூடா இருக்கு, ஆறினா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் நான் பூட்டைத் திறந்தேன்.

மத்தியானம் அப்பாவுக்கும் அதில் கொஞ்சம் வைத்தேன். யார் செய்தது என்று கேட்டார். பக்கத்து வீட்டு ஆன்டி என்றேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். எங்கள் வீட்டில் உப்புக் குறைவாகச் சமைக்கிறவள் ஒருத்திதான். தெரிந்துதான் சொன்னாரா? தெரியவில்லை. ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

மூத்தவள் செய்தது சரி என்று அந்த வயதில் எத்தனை முறை வாதாடியிருக்கிறேன். கொடுத்த வாக்குதான் பெரிது என்பேன். இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. அன்று நான் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் கதவைத் திறக்காமல் நின்றேனா? இல்லை, எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிட்டுப் போனாளே, கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேனா? கடமை என்று நான் பெயர் வைத்தது பழியாக இருந்தால்?

போன் செய்யலாமே என்பீர்கள். இரண்டு முறை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பிறகு ஒரு தப்பு நடந்தது. இணையத்தில் தொடர் பார்க்க எங்கள் இருவருக்கும் இன்னும் கணக்கு ஒன்றுதான், அதற்குள் எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம். அவளுடையதில் கறுப்புப் பூனைப் படம் இருக்கும். இந்த வருட ஆரம்பத்தில் ஒருநாள், மகளுக்குக் கஞ்சி கிண்டுகிற அவசரத்தில், யானைக்குட்டி கார்ட்டூனை அவள் பக்கத்தில் போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன். மேலே காட்டேரித் தொடர், கடைசிக்கு முந்தின பாகம் முடிந்த இடத்தில் அப்படியே நின்றிருந்தது. அவளும் சத்தியத்தை மீறவில்லை. அதற்குக் கீழே எங்கள் யானைக்குட்டி. எனக்கு வெட்கமாகிவிட்டது. அழிக்கலாமா என்று யோசித்தேன். அழித்தாலும் அவளுக்குத் தெரியுமோ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பார்த்தால் யானைக்குட்டி ஆறாவது கதை வரைக்கும் போயிருந்தது. நாங்கள் நாலாவதோடு நிறுத்தியிருந்தோம்.

மகள் ரிமோட்டைக் கடித்திருப்பாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால் மறுநாள் வேண்டுமென்றே ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு டிவியின் பிளக்கைப் பிடுங்கி வைத்தேன். சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது மீதிக் கதை முடிந்திருந்தது. என் மகள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து அவள் சித்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனையோ மாதங்களாக இப்படித்தான் போகிறது. நான் பாதியில் விடுவேன், அவள் முடித்து வைப்பாள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன வாரம் என் கணவர் ஒரு செய்தியோடு வந்தார். அவருக்கு பிரிக்ஃபீல்ட்ஸில்தான் வேலை. மத்தியானம் சாப்பிடப் போன கடையில் தங்கையின் கணவரைப் பார்த்திருக்கிறார். விசாவைப் புதுப்பிக்கவில்லையாம், இந்த மாதக் கடைசியில் இரண்டு பேரும் கோயம்புத்தூருக்கே போகிறார்களாம். அப்பா கேட்டது உண்மையாகிவிட்டது, ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை. அவள் கணவர் போகிறார், அவளையும் கூட்டிக்கொண்டுதான் போகிறார்.

"அவ ஏதாவது சொன்னாளாமா?" என்று கேட்டேன்.

"பிள்ளை நடக்குதான்னு கேட்கச் சொன்னாளாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல காட்டேரி வந்தாகூட டீ போட்டுக் கொடுப்பீங்க லா, சொந்தத் தங்கச்சிக்குத்தான் பூட்டு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மகள் யானைக்குட்டியைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்: "நீங்க பார்ப்பீங்களே, அந்த ரத்தம் குடிக்கிற கதை. அது முடிஞ்சிருச்சா?"

'நீங்க' என்றார். என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

"இன்னும் முடியலப்பா. கடைசி ஒண்ணு பாக்கி இருக்கு."

"ம்" என்றார். டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பார்த்து முடிங்க" என்றார். பிறகு டீ கேட்டார்.

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். அது அனுமதியா, இல்லை ஒரு வயதானவர் ஒரு தொடரைப் பற்றிச் சும்மா கேட்டதா? நேராகக் கேட்டு அவர் "கூடாது" என்று சொல்லிவிட்டால், அப்புறம் அதை மீறித்தான் கூப்பிட வேண்டியிருக்கும். கேட்காமல் கூட்டி வந்து அவர் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னை நானே மன்னிக்கமாட்டேன். அவளைப் பற்றியும் சந்தேகமாக இருக்கிறது. ஒருமுறை கூப்பிடாமல் விட்ட நான் இப்போது கூப்பிட்டால் அவள் வருவாளா? நீல டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் ஏதாவது செய்து எடுத்துக்கொண்டு போகலாம், வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. ரயிலில் ஒரு மணி நேரம் கூட ஆகாது.

அவர்கள் போக இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அவள் இந்த வீட்டுக்குள் வந்து, என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி பாகத்தை என்னோடு பார்க்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதைப் படிக்கிற உங்களில் யாராவது அப்பாவுக்கும் கூடப் பிறந்தவளுக்கும் நடுவில் இப்படி நின்றிருப்பீர்கள். நான் முதலில் அப்பாவிடம் வாய் திறந்து கேட்கவேண்டுமா, இல்லை நேராக அவள் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டுமா? நீங்கள் என்ன செய்தீர்கள், அதன் பிறகு வீடு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.