இறந்தவர் பெயருக்கு வந்த ஒன்பது கடிதங்கள்

இன்று கால்டன்ஷா நூலகத்தில் மேவிஸ் ஹெப்டனைச் சந்தித்தேன். எழுபத்து நான்கு வயது, பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

மேவிஸுக்குத் தான் குடியிருக்கும் வீட்டைத் தவிர மில் ரோட்டில் இன்னொரு சின்ன வீடு உண்டு. கணவர் கிளிஃபர்டுக்கு அவர் அம்மா விட்டுப்போனது. கிளிஃபர்ட் இறந்து ஆறு வருஷம். அந்த வீட்டில் பதினான்கு வருஷமாக வாடகைக்கு இருப்பவர் எரோல் பிளேக், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தத் தெருக்களில் வாடகைக்கு விட உரிமம் வேண்டும் என்று நகராட்சி விதி கொண்டுவந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேவிஸுக்கு அது தெரியவே தெரியாது.

போன வசந்தத்தில் நகராட்சியின் ராபின் என்ற இளைஞர் எரோலின் கதவைத் தட்டி, வாடகையை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். எரோல் பெருமையாக மேவிஸ் பெயரைச் சொன்னார். அடுத்த வாரமே மேவிஸுக்குக் கடிதம்: உரிமமில்லாமல் வீட்டை வாடகைக்கு விட்ட குற்றம், விசாரணைக்கு வரவும்.

பெரிய அபராதம் விழுந்தால் வீட்டை விற்றாக வேண்டும். விற்றால் எழுபத்தொரு வயதில் எரோல் எங்கே போவார்? மேவிஸுக்கு அதுதான் பெரிய கவலை.

"காட்டிக் குடுத்ததே நான்தான், மிஸ் மேவிஸ்," என்றார் எரோல். "உள்ள போட்டா ரம் கேக் கொண்டு வரேன்."

"உன் கேக்கத் தின்னா அதுவே ரெண்டாவது தண்டனை."

"உங்க மேல குத்தம்னு ஆயிட்டா ஒரு வருஷ வாடகையத் திருப்பிக் கேக்கலாமாம். அந்தத் தம்பி சொல்லிச்சு."

"கேளேன். உனக்கு உரிமை இருக்கு."

"கூரை ஒழுகினப்ப ஏணியப் பிடிச்சுக்கிட்டு மழைல நின்னது யாரு? போங்க, டீ ஆறுது."

விசாரணை அறையில், சொல்வதெல்லாம் சாட்சியமாகலாம் என்று எச்சரித்துவிட்டு ராபின் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

"ஒன்பது கடிதம் அனுப்பியிருக்கோம், மிஸஸ் ஹெப்டன்."

"எனக்கு ஒண்ணுகூட வரல, கண்ணு."

"மில் ரோட்டு வீடு கிளிஃபர்ட் ஹெப்டன் பேர்ல இருக்கு. அவர் பேருக்கு, உங்க விலாசத்துக்கு அனுப்பினோம்."

"அதுவா? 'இறந்துவிட்டார், அனுப்பியவருக்கே'ன்னு எழுதி எல்லாத்தையும் திரும்பத் தபால்ல போட்டுட்டேனே."

"பிரிச்சுகூடப் பாக்கலயா?"

"முப்பத்தொரு வருஷம் தபால்காரர் அவர். என் பொறந்தநாள் வாழ்த்தக்கூட நான் வர்ற வரைக்கும் பிரிக்கமாட்டார். அவர் பேருக்கு வந்தத நான் எப்படிப் பிரிப்பேன்?"

ராபின் பேனாவைக் கீழே வைத்தார். "விதி தெரியாதுன்னு மட்டும் சொன்னா எடுபடாது. ஆனா நியாயமான காரணம் இருந்தா குத்தமில்லன்னும் சட்டத்துல இருக்கு. அத நீங்கதான் காட்டணும். பத்திரத்துல ஏன் பேர் மாத்தல?"

மேவிஸ் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார்.

"பேங்க்ல அவர் பேர எடுத்துட்டாங்க. பல் டாக்டர்கிட்ட எடுத்துட்டாங்க. வாக்காளர் பட்டியல்லயும் இல்ல. அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் நானே போயி அழிக்கணுமா?"

ராபின் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுப் போய் இரண்டு கோப்பை டீயோடு வந்தார்.

மறுநாள் அலுவலகத் தபால் அறையில் அவரே தேடினார். ஒன்பது உறைகளும் ரப்பர் பேண்டு போட்டபடி கிடந்தன, ஒன்றும் பிரிக்கப்படவில்லை. ஒன்பதாவதில் மட்டும் மேவிஸின் உருண்டைக் கையெழுத்தில் கூடுதலாக இரண்டு வரி: 'தயவுசெய்து உங்கள் பட்டியலைத் திருத்துங்கள். கதவடியில் கிடக்கும் கடிதத்தில் அவர் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணம் மறந்துபோகிறேன்.'

இதைப் படித்துவிட்டு அவர் எப்படி வேலையைத் தொடர்ந்தாரோ!

மேவிஸ் அதற்குள் உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தார். மூன்று வாரம் கழித்து அவர் பெயருக்கே பதில் வந்தது. நியாயமான காரணம் ஏற்கப்பட்டது, அபராதம் இல்லை, உரிமத்துக்காக எரோல் வீட்டு மாடியில் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று மாட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்திரத்தில் பெயரை மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது எரோல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது வியாழக்கிழமை காலைகளில் மேவிஸ் நூலகத்தில் உட்கார்ந்து, உரிமப் படிவம் புரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறார். இறந்தவர் பெயரிலேயே இருக்கும் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இதை இன்றே அனுப்புங்கள். இந்தப் பக்கம் இருப்பவர்கள் நேரில் போய் அவரைப் பாருங்கள்.