முகம் பார்க்காமல் கழுவிய கால்

இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குபவர்கள் ஒதுக்கட்டும். தேதி இருக்கிறது, மணி இருக்கிறது. கண்டவள் இன்றும் ஒரகடம் சாலையில் ஷிப்டுக்குப் போய் வருகிறாள். பேய் வருவதற்கு நடுச்சாமம் வேண்டும் என்பார்கள். அதுவும் வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டு ஆகஸ்டு இருபதாம் தேதி, வெயில் மண்டையைப் பிளந்த பிற்பகலில் நடந்தது இது.

பாண்டிச்செல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் வாடகை அறை. உதிரிபாக ஆலையில் லைன் வேலை. அவள் தம்பி சுடலைக்கண்ணு, ஐந்து நாளுக்கு முன் ஓவர்டைம் முடிந்து பைக்கில் திரும்புகையில் லாரியின் அடியில் போனான். இரண்டு கால்களும் நசுங்கிப் புரையோடிவிட்டன. இருபதாம் தேதி பகல் இரண்டு மணிக்குச் சென்னையில் அறுவை சிகிச்சை. திறந்து பார்த்தால்தான் கால் நிற்குமா என்று சொல்ல முடியும் என்றுவிட்டார் மருத்துவர். அப்பா வானமாமலை உடனிருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தாள் பாண்டிச்செல்வி.

உண்மையில் அவள் உட்கார்ந்திருந்தது சாலையோரப் பந்தலில். திருவள்ளூர்ப் பக்கமிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்காக, மண்ணூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் யாக்கோபு ஆண்டுதோறும் போடுகிற பந்தல் அது. வருகிறவர்களின் கால்களை மஞ்சள் தண்ணீரில் கழுவி, எண்ணெய் தடவி, சோறு போட்டு அனுப்புவார்கள். அவள் கிறிஸ்தவப் பெண் அல்ல. ஆனாலும் மாதாவிடம் நேர்ந்துகொண்டாள்: மூன்று நாள் கால் கழுவுகிறேன், தம்பியின் கால்களைக் கொடு. நேர்ந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை.

யாக்கோபு முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார்.

"மூஞ்சிய பாக்காதம்மா. தெரிஞ்சவன், தெரியாதவன்னு பேதம் வந்துடும். கால மட்டும் பாரு. நீட்டுன கால திருப்பி அனுப்பாத. அவ்ளோதான்."

"மூக்கப் பொத்திக்கிடலாமாண்ணே?"

"இன்னா, ரோஜாப்பூ வாசன வரும்னு நெனச்சியா?" என்று சிரித்தார். "பொத்திக்கோ. மாதா பாத்துக்கினு இருப்பாங்க."

மூன்றாம் நாள் அது. கொப்புளம் உடைந்து தோல் சுருண்ட பாதங்கள். தாரும் சீழும் ஒன்றாய்ப் பிசுபிசுத்த குதிகால்கள். பிளாஸ்திரியைப் பிய்த்தால் நகமும் சேர்ந்து வந்தது. தொட்டித் தண்ணீரில் செத்த தோல் மிதந்தது. கழுவி முடித்தவர்கள் இரண்டடி தள்ளி எலுமிச்சைச் சோற்றை உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. தம்பியை நினைத்துக்கொண்டு கழுவினாள்.

3.10. கடைசிக் கூட்டம் மாதா சொரூபம் வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. "மரியே வாழ்க" என்ற ஒலிபெருக்கிக் குரல் தேய்ந்து மறைந்தது. யாக்கோபு தண்ணீர் கேன் எடுக்கப் போனார். தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, அவள் குனிந்து மஞ்சளைக் கரைத்தாள்.

3.22. அவள் முக்காலியின் முன்னால் இரண்டு கால்கள்.

நடந்து வந்த ஓசை கேட்கவில்லை.

நிமிரவில்லை. விதி நினைவிருந்தது. வலது காலை எடுத்துத் தொட்டியில் வைத்தாள். திடுக்கிட்டாள். சாலை கொதிக்கிறது... இந்தக் கால் குளிர்ந்திருந்தது.

ஊதி, கருநீலம் பாய்ந்த கால். கழுவக் கழுவத் தோல் ஈரக் காகிதமாக உரிந்தது. காலையிலிருந்து மொய்த்த ஈக்களில் ஒன்றுகூட அதன்மேல் உட்காரவில்லை. நின்றுபோன குளிர்பெட்டியில் மறந்த இறைச்சியின் நாற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு கழுவி முடித்தாள்.

இடது கால் முன்னே நீண்டது.

அது கால் அல்ல. கூழ். நடுவே வெள்ளையாக ஓர் எலும்பு. விரலிடுக்கில் ஏதோ... நெளிந்தது.

இதை ஊன்றி ஒருவர் எப்படி நடந்து வந்தார்?

அந்தக் கேள்வி அப்போது எழவில்லை. தொண்டை வரை ஏறியது வாந்திதான். முகத்தைத் திருப்பினாள். கைச்சொம்பால் அந்தக் காலை மெல்லத் தள்ளினாள்.

"ஒண்ணு போதுமா?"

கரகரத்த குரல். தொண்டையில் குழாய் செருகியதுபோல.

"போதும்ணே... ஒண்ணு போதும். போயிட்டு வாங்க."



"சரி."

நிமிர்ந்தாள்.

எவரும் இல்லை.

தொட்டியைப் பார்த்தாள். மஞ்சள் தண்ணீர். அழுக்கில்லை. தோலில்லை. ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்குகூட இல்லை.

3.26.

கேனோடு வந்து நின்றார் யாக்கோபு. "இன்னாமா பேயறஞ்ச மாறி கீற?"

"ஒருத்தர் வந்தாரு... இப்பத்தான் போனாரு..."

"எங்க? நா அந்த ரோட்லதான வரேன். காக்கா குருவி இல்ல."

மாலை ஆறு மணிக்கு அப்பா அழைத்தார். வலது கால் பிழைத்துவிட்டது. இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

எட்டு நாள் கழித்து வார்டுக்குப் போனாள். அன்றுதான் அப்பா சொன்னார், அறுவையின் நடுவே பையனின் நெஞ்சுத்துடிப்பு நின்றுபோனதாம். நான்கு நிமிடம். மூன்று இருபத்திரண்டு முதல் மூன்று இருபத்தாறு வரை என்று ஆஸ்பத்திரித் தாளில் எழுதியிருந்ததாம். "செத்துத்தான் பொழச்சான்" என்றார்.

தம்பி கண்ணைத் திறந்தான். தொண்டைக் குழாயை முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள். குரல் கரகரத்தது.

"யக்கா... அந்நேரம் நான் ஒரு ரோட்டுல நடந்து போனேன். ஒருத்தி குனிஞ்சு உக்காந்து கால் கழுவிவிட்டா. மூஞ்சியத் தூக்கவே இல்ல." போர்வையில் இடது கால் இல்லாத இடத்தைத் தொட்டான். "இந்தக் காலையும் நீட்டுனேங்க்கா. அவளுக்குக் கொமட்டிட்டு வந்துட்டு போல. பாவம்."