சாவியைக் கழற்றிய பிறகு

லாரிக்காரர்கள் மத்தியில் அவருக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர். மூக்குக் கண்ணாடி போட்டவர் அல்ல. வண்டியை எடுப்பதற்கு முன்னால் இடது பக்கக் கண்ணாடி, வலது பக்கக் கண்ணாடி, மறுபடியும் இடது என்று ஏழெட்டுத் தடவை பார்ப்பார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள். “அண்ணன் கண்ணாடி பாத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டாவது புள்ள பொறந்துடும்” என்று யாரோ ஒருத்தர் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. பதினெட்டுச் சக்கர லாரியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியதில் ஒரு சுவரைக்கூட அவர் உரசியதில்லை.

குடிப்பார். அதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. அவர் மட்டும் போட்ட சட்டம் அல்ல, லாரி நிறுத்துமிடங்களில் தங்கும் முக்கால்வாசிப் பேரின் சட்டம். சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் பாட்டிலைத் தொடுவது. சாவி வண்டியில் தொங்கும்வரை வெறும் தண்ணீர். “குடிச்சிட்டு ஓட்டறவன் நான் இல்ல. ஓட்டி முடிச்சிட்டுக் குடிக்கறவன்” என்று மனைவியிடம் சொல்வார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்பதுபோல இதுவும் ஒழுங்கான ஏற்பாடாகத்தான் தோன்றியது.

அன்று காலையில் காகித உருளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தார். சரக்கு இறக்க மறுநாள்தான் முறை வரும் என்றார்கள். வண்டியை வெளியே இருந்த நிறுத்துமிடத்தில் போட்டார், குளித்தார், சாப்பிட்டார், சாவியைப் பையில் போட்டார். மூன்று மணிக்கு இன்னொரு ஓட்டுநரோடு உட்கார்ந்தார். ஆறு மணிக்கு ஒருவர் வந்து கேபின் கதவைத் தட்டினார்.

“அண்ணே, பின்னால மீன் வண்டி நிக்குது. ஐஸ் உருகுது. உங்க வண்டிய கொஞ்சம் முன்னால போட்டீங்கன்னா நான் வெளிய போயிடுவேன்.”

நிறுத்துமிடத்தில் வழி மறித்து நிற்பவர் நகர்த்திக் கொடுக்கவேண்டும். அது அங்கே மரியாதை. தூங்கினாலும் எழுந்து நகர்த்தவேண்டும். அவர் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல ஏழெட்டுத் தடவை கண்ணாடிகளைப் பார்த்து, நாற்பது அடி முன்னால் கொண்டுபோனார். இடம் போதாததால் முன்சக்கரங்கள் வாசலைத் தாண்டிச் சாலையில் ஏறின. பக்கவாட்டில் எல்லாம் பார்த்தவர் நேர் எதிரே பார்க்கவில்லை. அங்கே போக்குவரத்துப் போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். இவர் வண்டியிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்துவிட்டு, போலீஸ்காரர் ஒரு கருவியை நீட்டி ஊதச் சொன்னார்.

“ஓட்டலைங்க. நகர்த்தினேன். அவ்வளவுதான்.”

“நல்லா இழுத்து ஊதுங்க.”

நீதிமன்றத்திலும் அவர் அதையே சொன்னார். நீதிபதி ரொம்பப் பொறுமைசாலி.

“இன்ஜின் ஓடிச்சா?”

“ஓடிச்சுங்க.”

“சக்கரம் உருண்டுச்சா?”

“உருண்டுச்சுங்க.”

“உருண்டது ரோடுதானே?”

“முன்சக்கரம் மட்டும்தாங்க.”

“லைசென்ஸை முன்சக்கரம், பின்சக்கரம்னு பிரிச்சு எழுத முடியாதே” என்றார் நீதிபதி. அபராதம், குடித்து ஓட்டியவர்களுக்கான எட்டு வார வகுப்பு, கனரக லைசென்ஸ் ஒரு வருடத்துக்கு முடக்கம். கார் ஓட்டுபவராக இருந்திருந்தால் மூன்று மாதத்தோடு போயிருக்கும். பிழைப்புக்கு ஓட்டுபவருக்குத் தனி அளவு என்று வக்கீல் விளக்கினார்.

மறுவாரம் முதலாளி கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. “உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உங்க பேரு லிஸ்ட்ல இருந்தா மொத்த வண்டிக்கும் இன்சூரன்ஸ் தரமாட்டேன்கறான்” என்றார் முதலாளி.

வீட்டில் யாரும் அழவில்லை. “நாப்பது அடிக்கு ஒரு வருஷமா? அடிக்கு ஒம்பது நாள் வருது” என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள். மனைவி அவளை முறைத்தாள். பிறகு மனக்கணக்காகப் போட்டுப்பார்த்து, “சரியாத்தான் சொல்றா” என்றாள்.

அவர் வீட்டில் இருந்ததுதான் பெரிய பாடாகிவிட்டது. மாதத்துக்கு ஐந்தாறு நாள் விருந்தாளி மாதிரி வந்துபோனவர் அவர். இப்போது காலையில் குளியலறைக்கு மூன்று பேர் வரிசை. சமையலறை அலமாரியில் கனமான டப்பாக்களைக் கீழ்த்தட்டிலும் லேசானவற்றை மேலேயும் மாற்றி அடுக்கினார். பாரம் கீழே இருந்தால்தான் ஆட்டம் வராது என்றார். “அலமாரி எங்கயும் வளைவுல திரும்பப் போறதில்ல” என்று மனைவி எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “இடது பாரு, வலது பாரு, வேன் வருது பாரு” என்று சொல்லிக்கொண்டே வருவார். மூன்றாவது நாள் அவள் வண்டியை நிறுத்தினாள்.

“பேசாம வர்றதா இருந்தா வாங்க. இல்லன்னா இறங்கி நடங்க.”

அவர் பேசாமல் போனார்.

இரண்டாம் மாதம் ஒரு சிமெண்டுக் கிடங்கில் வேலை கிடைத்தது. சரக்கு ஏற்றிய லாரிகளுக்குத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுவது. அவர் கட்டிய கயிறு நூற்றைம்பது மைல் தாண்டியும் தளராது. ஓட்டுநர்கள் ‘கண்ணாடி அண்ணன் கட்டட்டும்’ என்று காத்திருந்து போனார்கள். கட்டி முடித்துக் கீழே இறங்கி நிற்பார். இன்ஜின் கிளம்பும். வண்டி வாசல் தாண்டும்வரை, தானே ஓட்டுவதுபோல வலதுகால் லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு வருடம் முடிந்ததும் மறுபடி ஓட்டவேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

எட்டு வார வகுப்பு ஒரு பழைய அலுவலகத்தின் மாடியில் நடந்தது. பதினோரு பேர். பதினோரு பேருக்கும் அநியாயம் நடந்திருந்தது. நடத்தியவர் ஒரு முன்னாள் நர்ஸ். மூன்றாவது வாரம் அவர் பலகையில் ஒரு கோடு போட்டு, அவரவர் வழக்கமாக எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், என்ன அளவு, காலையில் எத்தனை மணிக்கு வண்டி எடுப்பீர்கள் என்று தனித்தனியாக எழுதச் சொன்னார்.

“ஒரு பெரிய பெக் உடம்பை விட்டுப் போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். டீ குடிச்சாலும் அவ்வளவு நேரம்தான். பச்சைத் தண்ணில குளிச்சாலும் அவ்வளவுதான். தூங்கினாலும் சீக்கிரம் போகாது. இப்ப கூட்டிப் பாருங்க.”

இவர் தன் தாளில் ராத்திரி எட்டு மணி முதல் பத்து மணி வரை, நாலு பெரிய பெக் என்று எழுதியிருந்தார். வண்டி எடுப்பது நாலு மணிக்கு. கூட்டிப்பார்த்தார். தப்பாக இருக்கும் என்று இன்னொரு தடவை கூட்டினார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப்பார்த்து, “என்ன, உமக்கும் இடிக்குதா?” என்றார்.

இவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். இருபத்திரண்டு வருடமும் அவர் சாவியைத்தான் பார்த்திருந்தார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு முகத்தில் தண்ணீர் அடித்து, தலை சீவி, எல்லாக் கண்ணாடிகளையும் பார்த்து, நாற்பது டன்னை எடுத்துக்கொண்டு சாலையில் ஏறியபோதெல்லாம் நேற்றையது உள்ளே இருந்திருக்கிறது. பால்காரர்கள், பேப்பர் போடுபவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் சாலையோரம் இருந்தார்கள்.

அன்று ஸ்கூட்டரில் வரும்போது மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு மூடிய கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்காமலே யோசித்தாள்.

“ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொல்றேன். எனக்கே தோணலையே” என்றாள்.

“உனக்கு எதுக்குத் தோணணும்? குடிச்சது நானு.”

“அதுவும் சரிதான்” என்று வண்டியைக் கிளப்பினாள்.

அன்றோடு விட்டுவிட்டார் என்றில்லை. குறைத்தார், நிறுத்தினார், மச்சான் வீட்டு விசேஷத்தில் மறுபடி தொட்டார், மறுநாள் மதியம்வரை யாரோடும் பேசாமல் இருந்தார். ஐந்தாம் மாதத்தில் நின்றது. எப்படி நின்றது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

வருடம் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்தது. படத்தில் இருந்தவரைவிட இவர் கொஞ்சம் மெலிந்திருந்தார். இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டார். இரண்டு படிவத்திலும் ஒரு கட்டம் இருந்தது: குடித்து ஓட்டியதாக வழக்கு உண்டா? உண்டு என்று எழுதினார். இரண்டு இடத்திலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாவது, ஒரு பால் கம்பெனி. அதன் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மனைவியின் தம்பி வந்தான். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர், படிவங்களில் கரைகண்டவன்.

“மாமா, இல்லைன்னு எழுதினா பொய். உண்டுன்னு எழுதினா வேலை இல்ல. கட்டத்தை வெறுமனே விட்டுடுங்க. அதான் அழகு. கேட்டா மறந்துட்டேன்னு சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல வர்ற ஃபார்ம்ல பாதி அப்படித்தான் இருக்கும்.”

“உங்க ஆபீஸ்ல பாதி வேலை நடக்காததும் அதனாலதான்” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். “இங்க பாருங்க. பொய் சொல்லி வேலை வாங்குவீங்க, மூணு மாசத்துல கண்டுபிடிச்சுடுவாங்க, திரும்பவும் வீட்டுக்குத்தான் வருவீங்க. அதை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது.”

மச்சான் சிரித்தான். அவர் ‘உண்டு’ என்று எழுதி, தேதியையும் எழுதினார்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி ஐம்பது வயது அம்மாள், முன்பு பஸ் ஓட்டியவர். மேசையில் படிவம் இருந்தது, பக்கத்தில் நீதிமன்றத் தாள் இருந்தது.

“நிறுத்துமிடத்துல நாப்பது அடி நகர்த்தினீங்க. போலீஸ் பிடிச்சுட்டாங்க. அதானே?”

‘அதுதாங்க’ என்று சொன்னால் முடிந்துவிடும். அந்த அம்மாள் அதற்குத் தோதாகத்தான் கேட்டார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாட்டினது அந்த ஒரு நாள்தாங்க.”

“அப்படின்னா?”

“பத்து மணி வரைக்கும் குடிப்பேன். நாலு மணிக்கு வண்டி எடுப்பேன். சாவியக் கழட்டினப்புறம்தானே குடிச்சோம்னு நெனச்சிட்டிருந்தேன். வகுப்புல கூட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. எத்தனை வருஷம், எத்தனை நாள்னு எனக்கே தெரியாதுங்க. யார் மேலயும் ஏத்தல. அது என் சாமர்த்தியம் இல்ல.”

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதை ஃபார்ம்ல கேக்கலையே.”

“நீங்க கேட்டீங்களே.”

“இந்த நாற்காலில உக்காந்தவங்க எல்லாருமே நாப்பது அடி ஆளுங்கதான். கூட்டிப் பாத்தேன்னு சொன்ன ஆளு நீங்கதான்.” நீதிமன்றத் தாளை மடித்து வைத்தார். “இதுக்காக நான் தூர வண்டி தர முடியாது. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் ஒத்துக்காது. பண்ணைகள்ல பால் எடுக்கற டேங்கர் இருக்கு. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ரெண்டு மணிக்கு முடிஞ்சுடும். தினமும் வாசல்ல ஊதணும். ஒரு புள்ளி காட்டினாலும் கேட் திறக்காது, அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன். சம்மதமா?”

“எத்தனை சக்கரம்ங்க?”

“ஆறு.”

அவர் தரையைப் பார்த்தார். பதினெட்டிலிருந்து ஆறு. அந்தப் பக்கம் ஜன்னலுக்கு வெளியே சின்ன டேங்கர்கள் வெயிலில் வெள்ளையாக வரிசையாக நின்றன. ஒருவர் குழாயைப் பிடித்து அவற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஓட்டறேங்க” என்றார்.

அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போனார். இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மூன்றாவதாகப் போய் நின்றுகொண்டார். அவர் முறை வந்ததும் மனைவி தலையைத் தூக்காமலே, “சீட்டு?” என்று கை நீட்டினாள்.

“வேலை கெடைச்சிடுச்சு.”

அவள் நிமிர்ந்தாள். “எல்லாத்தையும் சொன்னீங்களா?”

“கேக்காததையும் சேத்துச் சொன்னேன்.”

“எங்க போகணும்? போனா எத்தனை நாள்?”

“நாளெல்லாம் இல்ல. பால் வண்டி. மூணு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவேன்.”

“தினமுமா?”

“தினமும்.”

“ஞாயித்துக்கிழமை?”

“லீவு.”

அவள் கல்லாவை ஒருமுறை திறந்து மூடினாள். பின்னால் நின்ற பெரியவர் இருமினார். “சரி, ராத்திரிச் சமையல் இனிமே உங்களோடது. இப்ப கெளம்புங்க, அய்யா நிக்கறாரு” என்றாள். அவர் படியிறங்கினார். பெரியவருக்கு மாத்திரையை எடுத்துக் கவரில் போட்டு, “சாப்பாட்டுக்கு முன்னாடி” என்று கொடுத்தாள். பெரியவர் திரும்பி இரண்டு எட்டு வைப்பதற்குள், “அய்யா, அய்யா, முன்னாடி இல்ல, பின்னாடி. சாப்பிட்டப்புறம் போடுங்க” என்று கூப்பிட்டுச் சொன்னாள்.