வெயிலோடு பிணங்கிய புல்வெட்டும் மிஷின்

ஐயாசாமிக்கு இரண்டு வேலைதான் தெரியும். லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பன்னிரண்டு வருஷம் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டினான். ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கழித்தபோது, மூவாரில் வெள்ளைக்காரர் கிளப்புக்குப் புல் வெட்ட வந்து சேர்ந்தான். முதலில் மாடு இழுக்கிற புல்வெட்டிதான். மாடு முரண்டு பிடித்தால் முதுகைத் தட்டி நாலு வார்த்தை பேசுவான், நடந்துவிடும். பிறகு சிங்கப்பூரிலிருந்து பெட்ரோலில் ஓடும் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. மாட்டை விற்றுவிட்டார்கள். மிஷினிடம் என்ன பேசுவதென்று ஐயாசாமிக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அது முதலில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆயுத பூசையன்று அவன் மனைவி செல்வராணி சந்தனம் குழைத்துக் கொடுத்தாள். மிஷினுக்கு எது நெற்றி என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பெட்ரோல் தொட்டியின் மூடிதான் உச்சியில் வட்டமாக இருந்தது. அதில் பொட்டு வைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் வைப்பது வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்தில் புல் காய்கிற நேரம் பார்த்துப் பத்து நிமிஷம் வெட்டுவான், தூறல் விழுந்தால் நிறுத்துவான். மிஷின் சொன்னபடி கேட்டது.

பிப்ரவரியில் வெயில் ஏறியதும் வந்தது வினை. திடலில் கால்வாசி வெட்டியிருப்பான், மிஷின் இருமும், நின்றுவிடும். தூங்குமூஞ்சி மரத்து நிழலுக்குத் தள்ளிப் போய், கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்து, மூடி, கைப்பிடியைச் சுழற்றினால் ஓடும். மறுபடி நிற்கும். ஈரச் சாக்கு போர்த்தினான். விடியற்காலையில் வெட்டிப் பார்த்தான். அப்போதும் நின்றது. விடியற்காலையில் ஏது வெயில்? அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிளப்பில் கணக்கெழுதும் கிராணி தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர். மிஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தார்.

"வெயிலைப் பற்றி ஒண்டுமே எழுதேல்லை. எழுதினவன் வெயிலைக் கண்டிருக்க மாட்டான்."

லாரி ஓட்டும் வீரமுத்து சிரித்தான். "மிஷின்ல சூடு இல்லண்ணே, ஒங்க கையிலதான் கோளாறு. மாடு ஓட்டுன கைக்கு மோட்டாரு அடங்குமா லா?"

வெள்ளிக்கிழமை மாலை தியாகராஜா அவனைக் கூப்பிட்டார். "கிளப் துரை சொல்லிப்போட்டார். நாளைக்குத் திடல் முழுக்க வெட்டி முடிக்க வேணும். ஆறவிடுறது, நிழலுக்குத் தள்ளுறது ஒண்டும் கூடாது. ஏலாதெண்டால் திங்கள் தொடக்கம் மிஷின் வீரமுத்துவுக்கு."

ஐயாசாமிக்குத் திரும்பிப் போகத் தோட்டமும் இல்லை.

சனிக்கிழமை துரை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நாலாவது சுற்றில் மிஷின் இருமி நின்றது. நிழலுக்குத் தள்ள வழியில்லை. நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. இந்தச் சத்தம் அவனுக்குப் புதிதல்ல. பெட்ரோல் பெருமூச்சு விடுகிறது என்று நினைத்திருந்தான். மூடிவிட்டுச் சுழற்றினான். கொதிக்கிற மிஷின், ஆறாமலே, ஓடியது!

'அப்படியானால் சூடு இல்லையா?'

மறுபடி நின்றது. மறுபடி திறந்தான், உஸ்ஸென்றது, ஓடியது. இந்த முறை மூடியை முழுதும் திருகாமல் விட்டான். மிஷின் ஒரே மூச்சாகத் திடலை முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரிந்தது. மேல்பக்கம் துளையைக் காணோம். வாரா வாரம் வைத்த சந்தனம் அடை அடையாகக் காய்ந்து கிடந்தது. ஈர்க்குச்சியால் குத்தினான், வெளிச்சம் வந்தது. காற்றுப் போகாமல் பெட்ரோல் இறங்கவில்லை. மழைக்காலத்தில் அதிக நேரம் ஓட்டாததால் தெரியவில்லை. அவ்வளவும் புரிந்தது. கும்பிட்டு வைத்த பொட்டு எப்படித் தன் சோற்றிலேயே மண் போடும் என்பதுதான் புரியவில்லை.

தியாகராஜா வந்தார். "என்ன பிழை?"

ஐயாசாமி ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் மூடியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இதை நான் துரைக்கு எப்பிடியடாப்பா இங்கிலீசில சொல்லுறது?"

வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். துரை வானத்தைப் பார்த்தார், ஐயாசாமியைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என்ன சொன்னீங்க, கிராணி ஐயா?"

"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வா. மிச்சம் உனக்கெதுக்கு?"

வீட்டில் செல்வராணி வாசலிலேயே நின்றிருந்தாள். "வேல இருக்கா?"

"இருக்கு."

"தொரை என்னா சொன்னாரு?"

"தலைய ஆட்டுனாரு."

"எதுக்கு?"

"அதான் புள்ள, எனக்கும் தெரியல" என்றான் ஐயாசாமி.