பகலில் தூங்க ஓர் அறை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன புண்ணியவானுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. தெரிந்திருந்தால், வீடு கட்ட எவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் போட்டுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார். கல்யாணத்தைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே பண்ணிப் பார்த்துவிட்டோம். வீட்டை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் எட்டு மாதம் எஸ்டிமேட் போட்டோம். என்னைப் படுத்தி எடுத்தது அந்த எட்டு மாதம்தான்.

அவருக்கு ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் வேலை. நட்டு, போல்ட்டு, ரப்பர் வளையம் என்று வெளியிலிருந்து வாங்குகிற எல்லாவற்றுக்கும் விலை பேசுவது அவர். ஒரு வளையத்துக்குப் பத்து பைசா குறைத்துவிட்டு வந்தால் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கும். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் லைன் லீடர். பதினோரு வருட சர்வீஸ். ஷிப்ட் மாறி மாறி வரும்: ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட்.

அந்த நைட் வாரத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தால் ஒன்பது ஐந்துக்குத் தண்ணீர் லாரி வரும். ஒன்பதரைக்குப் பழைய இரும்பு, உடைந்த பிளாஸ்டிக் சேர் என்று ஸ்பீக்கர் கட்டிய வண்டி. பத்துக்குக் கீழ்வீட்டு மிக்சி. எங்கள் வாடகை வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை, அதன் ஜன்னல் மெயின் ரோட்டைப் பார்த்தது. கார் ஏற்றிப் போகிற டிரெய்லர் ஒவ்வொன்றும் என் தலைமாட்டில் வந்துதான் கியர் மாற்றும். கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு படுப்பேன். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "மேல்வூட்டு அக்காவுக்குக் கண்ணு ஆபரேஷனா?" என்று கீழே விசாரித்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்துவிட்டார்கள். அன்றைய தூக்கமும் போச்சு.

ஆகவே படப்பைக்கு உள்ளே தள்ளி அரை கிரவுண்ட் மனை வாங்கியபோது நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பகலில் தூங்க ஓர் அறை. பத்துக்குப் பத்து போதும். ரோட்டுப் பக்கம் ஜன்னல் கூடாது. நாலரை இஞ்ச் சுவர் வைத்து ஏமாற்றக் கூடாது, ஒன்பது இஞ்ச் வேண்டும், சத்தம் தாண்டி வரக் கூடாது.

"அவ்ளோதானா? கட்டிட்டாப் போச்சு" என்றார். எஸ்டிமேட் போட உட்காராதவரைக்கும் மனிதர் தாராளப் பிரபுதான்.

பென்னலூரில் என் அண்ணனுக்கு வீடு கட்டிக் கொடுத்த மேஸ்திரியை மனைக்கு வரவழைத்தோம். அவர் மனையை ஒரு சுற்றுச் சுற்றினார், கட்டைவிரலால் மண்ணைக் கிளறினார், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே செருகிக்கொண்டார். "எட்டு சதுரம் வரும் சார்" என்றார். ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி. சதுரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் சொன்னார். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

என் வீட்டுக்காரர் லேப்டாப்பை எடுத்து பைக் சீட்டின் மேல் விரித்தார். 

"நீங்க மொத்தமா சொல்றீங்க மேஸ்திரி. எனக்குத் தனித்தனியா வேணும். கல்லு எவ்ளோ, சிமென்ட் எவ்ளோ, கூலி எவ்ளோ, உங்க லாபம் எவ்ளோ."

"லாபமா? அத்த வூடு முடிஞ்சப்புறம் நானே தேடினு இருப்பேன் சார். கெடச்சா உனுக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"கல்லு நானே கணக்குப் போட்டுட்டேன். கதவு, ஜன்னல் எடமெல்லாம் கழிச்சிட்டு பதினாலாயிரத்து இருநூத்து முப்பத்தாறு."

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அந்த ஆறு இன்னாத்துக்கு சார்? கைல புடிச்சினு நிக்கறதுக்கா?" பிறகு பாவம் பார்த்துச் சொன்னார்: "ஜன்னலுக்குக் கல்லு வாணாம், சரி. லாரிலேர்ந்து எறக்கறப்ப ஒடையும் பாரு, அதுக்கு யாரு குடுப்பா?"

அதோடு விட்டாரா என் வீட்டுக்காரர்? அவருடைய பர்ச்சேஸ் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இந்த வருடம் ஒரு விலைக்குக் கொடுக்கிற சப்ளையர் அடுத்த வருடம் அதே சாமானை நூற்றுக்கு மூன்று குறைத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்த வருடம் இன்னொரு மூன்று. பழகப் பழகக் கை வேகம் கூடிவிடுமாம், செலவு குறையுமாம். அதை அப்படியே மேஸ்திரியிடம் எடுத்துவிட்டார். முதல் அறைக்கு ஒரு ரேட்டு, இரண்டாவது அறைக்கு மூன்று பர்சன்ட் கம்மி, மூன்றாவதற்கு இன்னும் மூன்று.

மேஸ்திரி கொஞ்ச நேரம் வாயில் ஏதோ முணுமுணுத்துக் கணக்குப் போட்டார். "அப்ப ஒரு முப்பத்தஞ்சு ரூம் கட்டுனா, கடசி ரூமுக்கு நான் உனுக்குக் காசு தரணும். அதானே சார்?"

நான் சிரித்துவிட்டேன். தப்புதான். கட்டின புருஷனை மேஸ்திரி முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாதுதான். ஆனால் சிரிப்பு வந்தால் என்ன செய்வது? 

அதற்குப் பிறகு தொடங்கியது ரெவிஷன் புராணம். கம்பெனியில் டிராயிங்குக்குப் போடுகிற மாதிரி எங்கள் வீட்டு எஸ்டிமேட்டுக்கும் ரெவிஷன் ஒன்று, ரெவிஷன் இரண்டு என்று நம்பர். பேங்கில் கடன் எவ்வளவு வரும் என்று ஒரு தொகை மனதில் வைத்திருந்தார். அந்தத் தொகைக்குள் வீடு அடங்குகிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போனார். ரெவிஷன் இரண்டில் பரண் போனது. மூன்றில் சமையலறை டைல்ஸ் என் தோள் உயரத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியது. நான்கில் அவர் ஆசை ஆசையாக வரைந்து வைத்திருந்த கார் ஷெட் போனது. தன் ஆசையையே வெட்டுகிறாரே என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் புத்தி எங்கே வேலை செய்தது? ஏனென்றால் ஒவ்வொரு ரெவிஷனிலும் என் அறையும் சேர்ந்து தேய்ந்தது. பத்துக்குப் பத்து, பத்துக்கு எட்டாகி, எட்டுக்கு ஆறானது.

"எட்டுக்கு ஆறுல கட்டில் போட்டா, கதவ எப்டிங்க தொறக்கறது?" என்றேன்.

"வெளிப்பக்கமாத் தொறக்கற மாதிரி வெச்சிக்கலாம்."

"அப்ப நான் உள்ள போனதும் பார்சல்னு லேபிள் ஒட்டி அனுப்பிடுங்க."

அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். விளக்கம்தான் என்னை அதிகம் எரிச்சலாக்கும். "யோசிச்சுப் பாரு. மூணு வாரத்துல ஒரு வாரம், அதுவும் பகல்ல ஒரு ஏழு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அந்த ரூமு சும்மாதானே கெடக்குது? யுடிலைசேஷன் பத்து பர்சன்ட்கூட வராது."

"கக்கூஸ் யுடிலைசேஷன் எவ்ளோ வருது? அதையும் எடுத்துடுங்க."

எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர் என்று எங்கள் அம்மா வீட்டில் எல்லோரும் சொன்னபோது அவருக்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ரெவிஷன் எட்டு வந்த அன்றைக்கு அந்தப் பேச்சையெல்லாம் வட்டியோடு வாபஸ் வாங்கிக்கொண்டேன். எட்டில் என் அறையே இல்லை. ஹால் இருந்தது, ஒரு படுக்கையறை இருந்தது, சமையலறை இருந்தது. படுக்கையறை ஜன்னல் எங்கே? ரோட்டைப் பார்த்து!

நான் கத்தவில்லை. கத்தினால் அவருக்குப் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம். மூன்று நாள் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் மகள் மூலமாக நடந்தது. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்ட பைக் சாவி எங்கேன்னு கேளு." மூன்றாம் நாள் அவள், "ஒரு மெசேஜுக்கு அஞ்சு ரூபா" என்று ரேட் பேசினாள். அப்பன் புத்தி தப்பாமல் வந்திருக்கிறது.

நான்காம் நாள் எனக்கு நைட் வாரம். வழக்கம்போல் காலையில் வந்து படுத்தேன், வழக்கம்போல் தூக்கம் வரவில்லை. டிரெய்லர் ஒன்று வெளியே நின்றுகொண்டு உறுமியது. எனக்கு அழுகையாக வந்தது. எழுந்து அவருடைய லேப்டாப்பைத் திறந்தேன். அன்றைக்கு அவர் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். எதையாவது எடுத்துவிட்டு என் அறையை உள்ளே நுழைக்க முடியுமா என்று நானே பார்க்கலாம் என்றுதான் திறந்தேன். தினம் ஐந்நூறு போனுக்குக் கணக்கு எழுதுகிறவள், ஒரு வீட்டுக்கு எழுத மாட்டேனா?

ரெவிஷன் எட்டுக்கு அடுத்த பக்கத்தில் மாதத் தவணைக் கணக்கு இருந்தது. அதை அவர் எனக்குக் காட்டியதே இல்லை. வீடு கட்டி முடிக்கிறவரை, அவர் குத்துமதிப்பாகப் போட்ட என் சம்பளமும் அவர் சம்பளமும் இரண்டு வரிசையில் வந்தன. குடிபோகிற மாதத்திலிருந்து அவர் வரிசையில் மட்டும் பணம் இருந்தது. என் வரிசையில் பூஜ்யம், அதற்குக் கீழே பூஜ்யம், பதினைந்து வருடத்துக்கும் பூஜ்யம். பரணும் டைல்ஸும் கார் ஷெட்டும் ஏன் போயின என்று அப்போதுதான் விளங்கியது. அவர் ஒருவர் சம்பளத்தில் அடைக்கக்கூடிய கடனுக்குள் வீட்டை அடக்கப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுவது அவர் வழக்கம், எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். என் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மட்டும் தமிழில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது: தூங்கட்டும்.

நான் அழுதேன். மனசு நிறைந்துதான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயால் சொன்னதில்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தேன். அப்போது வந்தது பாருங்கள் கோபம்! முன்பு வந்ததெல்லாம் கோபமே இல்லை.

சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் லேப்டாப்பை முன்னால் வைத்தேன். "என் சம்பளத்த யாரக் கேட்டு எடுத்தீங்க?"

மூன்று நாள் கழித்து நேரடியாகப் பேசுகிறேன் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் அரை நிமிடம் இருந்தது. பிறகு திரையைப் பார்த்தார். "கிரகப்பிரவேசத்தன்னிக்கு சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

"என் வேலைய ராஜினாமா பண்ணி எனக்கே கிஃப்டா குடுக்கப் போறீங்களா?"

"அதுக்கில்ல. போன வருஷம் ஒரு நைட் வாரம் பஸ்ஸுலயே தூங்கி வாலாஜாபாத் வரைக்கும் போயிட்ட. நான் பைக்க எடுத்துனு வந்து பாக்கறப்ப, கடைசி சீட்ல வாயத் தொறந்துகினு கெடந்த. டிரைவரு எழுப்பிப் பாத்து பயந்து போயிருந்தாரு." ஒரு செருப்பை மட்டும் கழற்றினார். "எனக்குப் பயமா கீதுடி. அந்த ரூமு இருந்தா நீ அறுபது வயசு வரைக்கும் நைட்டுக்குப் போவ. ரூமு இல்லன்னா வுட்டுடுவன்னு நெனச்சேன்."

அடப்பாவி மனுஷா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டும் சொன்னேன். உட்கார வைத்து, காபி கொடுத்து, பொறுமையாகவே பேசினேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் அந்த லைனில் உட்கார்ந்தபோது எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது. இன்றைக்கு நாற்பது பேர் என்னைக் கேட்டுத்தான் லைனை ஓட்டுகிறார்கள். என் ஏ.டி.எம். கார்டை யாரிடமும் கேட்காமல் நான் எடுக்கிறேன், வைக்கிறேன். தூக்கம் எனக்கு வேண்டும்தான், உயிர் போகிற மாதிரி வேண்டும். அதற்காக இதையெல்லாம் நான் கொடுக்கத் தயாராக இல்லை.

"நீங்க கட்டித் தர்ற வூட்ல ராத்திரி தூங்கறத வுட, நான் கட்டுன வூட்ல பகல்ல தூங்கறேங்க. வுட்டுடுங்க."

அவர் காபியை ஊதிக்கொண்டே இருந்தார். அது ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது. அப்புறம் லேப்டாப்பை இழுத்து ரெவிஷன் ஒன்பது என்று புதிதாகத் திறந்தார். என் வரிசையில் பூஜ்யத்தை அழித்துவிட்டு, "கைல நிக்கற சம்பளம் எவ்ளோ, புடிப்பு போக?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என் சம்பளத்தை அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். அவருடையதைவிட ஆயிரத்து எண்ணூறு அதிகமாக இருந்தது. ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அதை அப்படியே டைப் அடித்தார். அறை பத்துக்குப் பத்தாகத் திரும்பி வந்தது. சுவர் ஒன்பது இஞ்ச்.

"காரணம்னு இன்னா போடட்டும்?" என்றார்.

"அவளக் கேட்டுப் போட்டதுன்னு போடுங்க."

போட்டார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.