பாதாளத்து வண்டல்

பேரம் என்றால் புதுச்சேரியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு முத்தியால்பேட்டையில் மூன்று கடை, ஓடுகிற லாரிகள் தனி. வக்கீலுக்குப் படித்தவர்களே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். போன மாதம் பாகூர்ப் பக்கத்து நிலக்காரர்கள் வந்தார்கள். எண்ணெய் எடுக்கிற கம்பெனி ஒன்று குத்தகை கேட்கிறதாம். இவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறதாம், தங்கமான மனிதர்களாம். கையெழுத்துப் போடாதீர்கள் என்று அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது மூலக்குளம் வயல்காடு. எங்களுக்கு அங்கே ஒரு துண்டு நஞ்சை, அதை ஒட்டி ஒரு மேட்டுக்கொல்லை. அந்த நஞ்சைதான் எங்கள் சோறு. வேறொன்றும் கிடையாது. பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் மேட்டுக்கொல்லையைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார்கள்.

என் பேரம் அப்பா வழி வந்தது. மாட்டுச் சந்தையில் அவர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினால் எதிராளிக்கு வியர்க்கும். அன்றும் பழக்கத்தில் கம்பெனி அதிகாரியின் கைமேல் துண்டைப் போட்டார். அவர் என்னவோ ஏதோ என்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு வாய்ப்பேச்சுத்தான். கொல்லையில் நின்ற ஒரு தென்னங்கன்றின் விலைக்காக உச்சிப்பொழுதுவரை இழுத்தார்கள். பத்திரம் எழுத வந்த நொத்தேர் பேனாவை மூடி மூடித் திறந்தார். எல்லாம் படிந்த பிறகு அப்பா கடைசியாக ஒன்று கேட்டார்.

“ஐயா, உள்ளேருந்து வர்ற மண்ண என்னா பண்ணுவீங்க?”

“ஏன் கேக்கறீங்க?”

“எங்கயும் கொட்டிடாதீங்க. மொத்தத்தையும் என் நஞ்சையில அடிச்சுக் குடுத்துடணும். அத எழுதச் சொல்லுங்க.”

தாய்மாமன் சிரித்தார். “மச்சான உட்டா, ஐயா போட்டுக்கினு இருக்கிற பூட்ஸையும் கேப்பாரு.”

அப்பாவின் கணக்கு இதுதான். கோடையில் ஊசுட்டேரி வறண்டதும் வண்டல் வெட்டி வயலுக்கு அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏரியின் மேல்வண்டலுக்கே நெல் அப்படி விளைகிறது என்றால், பாதாளத்திலிருந்து வருகிற மண்ணுக்கு எப்படி விளையும்? அதிகாரி உடனே ஒப்புக்கொண்டார்.

சாம்பல் நிறத்தில், வழவழவென்று, மண்ணெண்ணெய் வாடையோடு அந்தச் சேறு வந்தது. லாரி லாரியாக நஞ்சையில் கொட்டினார்கள். முழங்கால் அளவு சேற்றில் இறங்கி நின்று, “பாதாளத்து வண்டல்டா, எவன் ஊட்லயாவது கீதா?” என்று பையன்களிடம் பீற்றிக்கொண்டேன். பக்கத்து நிலக்காரர் ஒரு வண்டி மண் கேட்டார். அப்பா தரவில்லை. அவர் பிழைத்தார்.

எண்ணெய் கிடைக்கவில்லை. கம்பெனி மூட்டை கட்டியது. அப்பா சேற்றைப் பரப்பி உழுது நட்டார். நாற்றின் நுனி சிவந்தது, பிறகு வயல் முழுக்க வைக்கோல் நிறமானது. மழை பெய்து காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்ததுபோல் மண்மேல் உப்புப் பூத்தது. கிணற்றுத் தண்ணீரில் மாடு வாய் வைக்கவில்லை. அடுத்த போகமும் அப்படியே. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தார்.

“என்னா சொன்னாங்க?” என்றாள் அம்மா.

“நான் கேட்டதத்தான் குடுத்தாங்களாம். பத்திரத்துல இருக்குதாம்.”

அதன்பிறகு அவர் பஞ்சாலையில் மூட்டை தூக்கப் போனார். என் படிப்பு அதோடு நின்றது. சாகும்வரை அப்பா எதற்கும் பேரம் பேசவில்லை. வைத்திக்குப்பத்தில் மீன்காரி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அவள் போட்ட மீனை வாங்கிக்கொண்டு வருவார். அவளே கூப்பிட்டு, “இன்னா பெரியவரே, கொறச்சுக் கேக்க மாட்டியா?” என்பாள்.

பத்திரம் எழுதிய அந்த மத்தியானத்தைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தென்னங்கன்றுக்கு அத்தனை நேரம் வாதாடிய அதிகாரி, மண்ணுக்கு மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “எழுதுங்க, சீக்கிரம் எழுதுங்க” என்று நொத்தேரை விரட்டினார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா இன்னும் எதையாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்துதான் அந்த மனிதர் அப்படி அவசரப்படுகிறார் என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.