சரஸ்வதிக்கு முன்னால் ஒரு கொலைக்கதை

இங்கிலாந்தில் எனக்குச் சொந்தக்காரர் நிறையப்பேர் இருக்கிறார்கள். ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அவர் ஒரு வெள்ளைக்கார மனுசி, கொலைக்கதை எழுதுகிறவர். அவருக்கு என்னைத் தெரியாது. நான் எழுதுவதை அவர் வாசிக்கப்போவதும் இல்லை. அதற்காக நன்றியை மனதுக்குள்ளேயே வைத்திருந்து என்ன செய்வது?

அவருடைய புத்தகங்கள் கீழ்வீட்டு அக்காவிடம் இருந்தன. ஜெர்மனியில், ஹம் நகரத்தில் நாங்கள் இருப்பது ஒரே கட்டடத்தில், நான் மேலே, அவர் கீழே. அவர் ஜெர்மன்காரி, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனியாள். இங்கே குடும்பப் பெயர் சொல்லித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. என்னைவிட மூத்தவர்தானே என்று அக்கா என்றேன். அதற்கு அர்த்தம் என்னவென்று கேட்டு அறிந்தபின், வேறு பெயரில் கூப்பிட்டால் இனிக் கதவு திறக்கமாட்டேன் என்றார்.

அவருடைய அலுமாரியில் இரண்டு தட்டு நிறைய அந்த இங்கிலாந்துக்காரியின் புத்தகங்கள்தான். எல்லாம் யாரோ பாடுபட்டு ஜெர்மனில் மாற்றி எழுதியவை. அந்த ஆளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதிகம் கொலைக்கதைதான். ஆனால் மனுசி அதோடு நிற்கவில்லை. பழைய ராசாக்களின் கதை, பேய்க்கதை, பிள்ளைகளுக்கு ஒரு முயல் கதை, வேறு பெயரில் காதல் கதைகள், தோட்டம் வைப்பது எப்படி என்றுகூட ஒன்று. இவ்வளவையும் ஒருத்தியா எழுதினாள் என்று முதலில் நான் நம்பவில்லை. பிறகு யோசித்தேன். நானும் தொழிற்சாலைக் கன்ரீனில் வருசக்கணக்காக உருளைக்கிழங்கு உரித்தவள். எத்தனை மூட்டை என்று எண்ணியதில்லை. அந்த மனுசியும் எண்ணியிருக்க மாட்டார். காலையில் எழும்பி அன்றைய வேலையைச் செய்திருப்பார்.

அக்காவுக்குக் கண் பழுதாகத் தொடங்கியது. ஓரமெல்லாம் தெரியும், நடுவில்தான் மறைக்கும். ஒலிப்புத்தகம் கேட்டுப் பார்த்தார். வாசிக்கிறவன் நாடகக்காரன் மாதிரிக் கத்துகிறான் என்று நிற்பாட்டிவிட்டார். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது என்னை வாசிக்கச் சொன்னார். நான் ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஜெர்மன் என்றால், வந்த புதிதில் சில மாதம் படித்தது, அதன் பிறகு பால் பெட்டியிலும் பஸ் தரிப்பிடத்திலும் கண்டது. ஏலாது, நான் வாசிக்கிற வேகத்தில் உங்களுக்கு அலுத்துப்போகும் என்றேன்.

“மெதுவா வாசியுங்கோ. கொலைகாரன் எங்கையும் ஓடமாட்டான். புத்தகத்துக்குள்ளைதானே இருக்கிறான்” என்றார் அக்கா. அவர் பேசியது ஜெர்மன்தான். என் காதில் எங்கள் பேச்சாகவே விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

முதல்நாள் ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். காலையில் உலை வைக்க முதல் குசினி மேசையில் இருந்து, பின்னேரம் வாசிக்கவேண்டிய பக்கங்களை வாய்விட்டு வாசித்துப் பழகுவேன். நீட்டுச் சொற்களை மீன் வெட்டுகிற மாதிரித் துண்டு துண்டாக வெட்டுவேன். பின்னேரம் அக்காவுக்கு முன்னால் அப்போதுதான் பார்ப்பதுபோல வாசிப்பேன். ‘இனி என்ன நடக்கப்போகுதோ’ என்று நானும் சேர்ந்து பெருமூச்சு விடுவேன். நான் ஜெர்மன் வாசிப்பைக் கெதியாகப் பிடித்துவிட்டேன் என்று அக்கா மருந்துக்கடைக்காரிக்குக்கூடச் சொன்னார். நான் மறுத்துச் சொல்லவில்லை. இந்த வயதில் அப்படி ஒரு பேர் கிடைத்தால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

காதல் கதை ஒன்றும் வாசித்துப் பார்த்தோம். பாதியில் அக்கா நித்திரையாகிவிட்டார். எழும்பி, “கொலை செய்யத் தெரிஞ்ச அளவுக்கு அவவுக்குக் காதலிக்கத் தெரியேல்லை” என்றார். பேய்க்கதையை நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

போன புரட்டாதியில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு கிராமத்துக் கொலைக்கதை. ஒரு பணக்காரக் கிழவர் தேநீரில் நஞ்சு குடித்துச் செத்துப்போகிறார். டொக்டரிலும் சந்தேகம், கிழவரின் மருமகனிலும் சந்தேகம். அதே ஊர்த் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கிற அமைதியான மனுசி ஒருத்தியும் இருக்கிறாள். கடைசி அத்தியாயம்தான் மிச்சம். அக்காவுக்கு இருதய ஒபரேசன் அடுத்த கிழமை என்று நாள் குறித்து டெர்மின் கொடுத்திருந்தார்கள். அதற்குள் முடித்துவிடலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் சரஸ்வதி பூசை வந்தது. பிள்ளைகள் படித்த காலத்தில் அவர்களுடைய புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் அடுக்கி வைப்பேன். அவர்கள் கலியாணம் கட்டிப் போனபிறகு தேவாரப் புத்தகம் ஒன்றுதான். இந்தமுறை நான் வாசிக்கிற புத்தகம் ஒன்று, என் சீவியத்தில் முதல்முறையாக, என்னிடம் இருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்து, பூப்போட்டு வைத்தேன். அட்டையில் கவிழ்ந்த கோப்பையும் பக்கத்தில் ஒரு கையும். பீலெஃபெல்ட்டில் இருக்கிற மகள் போனில் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அம்மா, சரஸ்வதிக்குச் செத்த கையையே வைச்சிருக்கிறியள்?”

“அவ எல்லாக் கலையும் தெரிஞ்சவ. உன்ரை வேலையைப் பார்” என்றேன்.

பூசையில் வைத்த புத்தகத்தை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. வேறு எதையும் வாசிக்கவும் கூடாது. அந்த மகளுக்கு மறுநாள் பரீட்சை இருந்த வருசத்திலேயே நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

பூசை முடிந்து, அவித்த கடலையை அக்காவுக்குக் கொண்டுபோகக் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு மணி அடித்தது. அக்காவே வந்து நின்றார், கோட் போட்டபடி, கையில் சின்னப் பெட்டியோடு. படியேறியதில் மூச்சு வாங்கியது. வேறொருவருடைய இடம் வெறுமையாகிவிட்டதாம். இன்றைக்கே வந்து படுங்கோ, நாளைக் காலை ஒபரேசன் என்று ஆஸ்பத்திரியில் இருந்து சொல்லிவிட்டார்கள். டாக்ஸி வரப்போகிறது. கதிரையில் இருந்தார்.

“முடிவை வாசியுங்கோ. எனக்கு அந்த டொக்டரிலைதான் சந்தேகம். நாளைக்கு ஒரு டொக்டர் என்ரை நெஞ்சைத் திறக்கப்போறார். அதுக்கு முதல் எனக்குத் தெரியவேணும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பெட்டியைக் கீழே வைக்காமல் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பூசையைக் காட்டி விளக்கம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. குனிந்து, ஓரக்கண்ணால் சரஸ்வதி படத்தைப் பார்த்தார்.

“அப்ப இவவும் வாசிக்கிறாவோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப இவவுக்கு முடிவு தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

என் கை புத்தகத்துக்குக் கிட்டப் போய்த் திரும்பிவிட்டது. எடுத்து, நாளைக்கு அவருக்கு ஒன்று நடந்துவிட்டால், சாகும்வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். எடுக்காவிட்டால் அவர் இந்தப் பயத்தோடு போய்ப் படுக்கவேண்டும். முடிவு எனக்குத் தெரியும். பூசைக்கு முதல்நாள் காலையிலேயே பழகிவிட்டேன். வாய்ச்சொல்லாகச் சொல்லுவது வாசிப்பது ஆகாது. ஆனால் சொன்னால் மருந்துக்கடை வரைக்கும் போன என் பேர் என்ன ஆகும்? வெட்கமாகத்தான் இருந்தது. அவர் பெட்டியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபிறகு வெட்கத்தை வைத்து என்ன செய்ய?

“எனக்கும் தெரியும் அக்கா” என்றேன். காலையில் பழகுகிற கதையைச் சொன்னேன்.

“எல்லாப் பக்கமும் பழகினனீங்களோ?”

“எல்லாப் பக்கமும்.”

அக்கா கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, சரி, சொல்லுங்கோ என்றார்.

இங்கிலாந்துக்காரி பக்கம் பக்கமாக அவிழ்த்ததை நான் என் கன்ரீன் ஜெர்மனில் சொன்னேன். சொல் வராத இடத்தில் எழும்பி நடித்துக் காட்டினேன். ஓர்கன் வாசிக்கிற மனுசிதான் செய்தவள். அந்தக் கிழவர் அவளுடைய தங்கச்சியை ஏமாற்றிக் கைவிட்டவர். அவள் கையுறையைக் கழற்றாமல் கோப்பையைத் தூக்கியது, பொலிஸ் வந்தது, அவள் விம்மி அழுதது, எல்லாம் சொன்னேன். டொக்டர் நல்ல மனுசன், அந்தக் கிழவரைக் காப்பாற்ற எவ்வளவோ பாடுபட்டவர் என்பதை இரண்டு தரம் சொன்னேன்.

“டொக்டர் இல்லை” என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்ஸி வந்துவிட்டது. கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டேன். அவருக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்திருந்தது.

விஜயதசமி காலையில் தலைக்குத் தோய்ந்து, விளக்கேற்றி, புத்தகத்தை எடுத்தேன். வழக்கத்துக்கு நாலு வரி வாசித்தால் போதும். நான் கடைசி அத்தியாயம் முழுவதையும் உரத்து வாசித்தேன். வாசித்து முடித்துப் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன், சமைக்கவில்லை. பின்னேரம் ஒரு தாதி எடுத்து, அக்கா கண் விழித்துவிட்டார், மேல்வீட்டுக்குச் சொல்லச் சொன்னார் என்றாள். சாமிக்கு முன்னால் போய் நின்றேன். எந்த நன்றியை யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

உடம்பு தேற அவரை வேறு ஊரில் ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். ரயில் ஏறிப் போனேன், அந்தப் புத்தகத்தோடு. முறையாக வாசியுங்கோ என்றார். வாசித்தேன். முடிவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவ அழேல்லையே?”

“அழேல்லை.”

“அழுதவ எண்டு சொன்னனீங்கள்.”

“தங்கச்சிக்காகச் செய்தவ, அழாமல் எப்பிடி அக்கா?”

அக்கா யோசித்துப் பார்த்தார். இங்கிலாந்துக்காரி சொன்னதுதான் சரி, அப்படிப்பட்டவள் அழமாட்டாள் என்றார். எழுதினவருக்குத்தானே தெரியும் என்று நானும் விட்டுக்கொடுத்தேன்.

பிறகு சொன்னார்: “இனிக் காலையிலை பழகாதேங்கோ. என்னோடை இருந்து தடக்குப்படுங்கோ. எனக்கு இப்ப நேரம் இருக்கு.”

பையில் ராசாக் கதை ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். பழகாமல் திறந்தேன். முதல் வரியிலேயே சரக்கு ரயில் மாதிரி ஒரு சொல். மூன்றாவது பெட்டியோடு நின்றுவிட்டேன். அக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார்.